தற்காலிக இல்லம்: கைவிடப்பட்ட நாய்களுக்கு வீடு கிடைத்த வரலாறு



நாய் என்னும் சொல்லைத் தமிழர்களாகிய நாம் இருவேறு விதமாகப் பயன்படுத்தி வருகிறோம். ஒருவரை இழித்துரைக்க வேண்டுமெனில் முதலில் நாவில் வந்து நிற்பது அச்சொல்தான். அதே வேளையில், நட்புக்கு யானையைவிட நாயே மேல் என்று வழக்காடியதும் நம் இலக்கியமே. பழகிய பாகனையும் யானை ஒருநாள் கொன்றுவிடக்கூடும்; நாயோ, தன்னை வளர்த்தவன் எறிந்த வேல் உடலில் தைத்திருக்கும்போதும் வாலை ஆட்டி நிற்கும் என்பது நாலடியார் கூறும் கருத்து. இப்பாடலை நாம் வகுப்பறையில் விளக்குகிறோம். பள்ளி வாயிலருகே எலும்பும் தோலுமாய்ப் படுத்திருக்கும் நாயைக் கண்டால் காவலாளியை அழைத்து விரட்டச் சொல்கிறோம்.

அப்படி விரட்டப்படும் நாய் எங்கே போகிறது? இக்கேள்விக்கு மனிதகுலம் கடந்த 160 ஆண்டுகளாகப் பல விடைகளைத் தேடி வந்திருக்கிறது. அவ்விடைகளின் வரலாற்றையே இக்கட்டுரையில் சுருக்கமாக எழுத விழைகிறேன். காப்பகத்தில் கிடக்கும் ஒரு நாயைச் சில வாரங்கள் வீட்டில் வைத்துத் தேற்றி, நல்ல குடும்பம் ஒன்றிடம் ஒப்படைக்கும் வழக்கம் இன்று நம் நாட்டிலும் வளர்ந்து வருகிறது. இது மேலைநாட்டிலிருந்து வந்த புதுப்பழக்கம் என்று சிலர் எண்ணுகின்றனர். வரலாற்றைப் பார்த்தால், புகலிடம் என்னும் எண்ணமே ஒரு வீட்டின் அடுக்களையில்தான் பிறந்தது என்பது புலனாகும்.

அடுக்களையில் தொடங்கிய பணி

இலண்டன் மாநகரம், 1860ஆம் ஆண்டு. 60 வயதை நெருங்கிக்கொண்டிருந்த மேரி டீல்பி என்னும் அம்மையார், தம் தோழி ஒருவரின் வீட்டுக்குச் சென்றார். தெருவில் பட்டினியால் விழுந்து கிடந்த ஒரு நாயை அத்தோழி எடுத்து வந்து அடுக்களையில் கிடத்தியிருந்தார். இருவரும் முயன்றும் அந்நாய் பிழைக்கவில்லை. ஆனால், அதன்பின் டீல்பி அம்மையாரால் தெருநாய்களைக் கண்டும் காணாமல் நடக்க இயலவில்லை. ஒவ்வொன்றாய் எடுத்து வந்து, வீட்டின் பின்கட்டில் பாத்திரம் கழுவும் அறையில் வைத்துப் பராமரித்தார். இடம் போதாமற்போகவே, அவ்வாண்டு அக்டோபரில் ஹாலோவே பகுதியில் ஒரு குதிரைலாயத்தைப் பெற்று, முறையாக ஓர் இல்லம் தொடங்கினார்.

அதற்கு அவர் சூட்டிய பெயரைக் கவனியுங்கள். 'வழிதவறிய, பட்டினியால் வாடும் நாய்களுக்கான தற்காலிக இல்லம்' என்பதே அப்பெயர். தற்காலிகம் என்னும் சொல் ஏதோ போகிற போக்கில் வந்து விழுந்ததன்று. உரியவர் தேடி வரும்வரை, அல்லது புதியவர் ஒருவர் ஏற்கும்வரை உயிரைக் காத்து வைத்திருப்பதே அவ்வில்லத்தின் நோக்கம். அங்கே நாய்களை ஆயுள் முழுதும் அடைத்து வைப்பது அவர் எண்ணமன்று.

அன்றைய நாளிதழ்கள் இம்முயற்சியை எள்ளி நகையாடின. புகழ்பெற்ற டைம்ஸ் நாளிதழே இது அறிவு பிறழ்ந்தோர் செயல் என்னும் தொனியில் தலையங்கம் தீட்டியது. மனிதர்களே தெருவில் கிடக்கும்போது நாய்க்கு இல்லமா என்பதே அன்றைய கேள்வி. இன்றும் நாம் கேட்கும் கேள்வி அதுவே. 1862ஆம் ஆண்டு சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய வார இதழில் அதற்கு ஒரு மறுமொழி போல ஒரு கட்டுரை வெளிவந்தது. இஸ்லிங்டனில் பரிசுக்குரிய உயர்சாதி நாய்களின் கண்காட்சி கோலாகலமாக நடந்தது. அதற்குச் சிறிது தொலைவில் யாருக்கும் வேண்டாத நாய்கள் ஒரு கொட்டிலில் படுத்திருந்தன. இவ்விரு காட்சிகளையும் அக்கட்டுரை அருகருகே வைத்துக் காட்டியது. கேலி மெல்ல அடங்கியது. நன்கொடைகள் வரத் தொடங்கின.

டீல்பி அம்மையார் 1865இல் காலமானார். 1871இல் இல்லம் பாட்டர்சீ என்னும் பகுதிக்கு இடம்பெயர்ந்தது. 1885இல் விக்டோரியா பேரரசியார் அதன் புரவலரானார். இன்றும் பாட்டர்சீ என்ற பெயரில் அந்நிறுவனம் இயங்கி வருகிறது. இதுகாறும் 30 இலட்சத்துக்கும் மேற்பட்ட விலங்குகள் அதன் வாயிலைக் கடந்துள்ளன.

புகலிடம் கொலைக்களம் ஆன கதை

இவ்வரலாற்றுக்கு இருண்ட பக்கமும் உண்டு. அதை மறைத்து எழுதுவது முறையன்று.

1867இல் இலண்டன் தெருக்களைப் பற்றிய ஒரு சட்டம் இயற்றப்பட்டது. தெருவில் திரியும் நாய்களைப் பிடிக்கும் அதிகாரம் அதன்வழி காவல் துறைக்குக் கிடைத்தது. பிடிபட்டவை டீல்பியின் இல்லத்துக்கு வந்து குவிந்தன. அடுக்களையில் தொடங்கிய தொண்டு, ஒரு மாநகரம் முழுமைக்குமான நாய்ப்பட்டியாக மாறியது. உரியவர் எவரும் வராத நாய்கள் சில நாள்களிலேயே கொல்லப்பட்டன. 1884இல் பெஞ்சமின் வார்டு ரிச்சர்ட்சன் என்னும் மருத்துவர் அதற்கென நச்சுவாயு அறை ஒன்றை அங்கு அமைத்துக் கொடுத்தார். வலியின்றிக் கொல்வதே கருணை என்று அக்காலத்து நல்லோரும் நம்பினர்.

அமெரிக்காவிலும் நிலைமை வேறன்று. நியூயார்க் நகரில் பிடிபட்ட தெருநாய்களை இரும்புக் கூண்டில் அடைத்து ஈஸ்ட் ஆற்றில் மூழ்கடித்தனர். பிலடெல்பியா நகரில் மட்டும் 1869இல் கரோலின் ஏர்ல் ஒயிட் என்னும் அம்மையாரின் தலைமையில் பெண்கள் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்து, நாய்களுக்கு உணவும் நீரும் தந்து, புதிய வீடு தேடித் தரும் புகலிடம் ஒன்றை உருவாக்கினர். அமெரிக்காவின் முதல் விலங்குக் காப்பகம் என்று அதனையே குறிப்பிடுவர்.

ஏன் இப்படி நேர்ந்தது? நல்லெண்ணம் குறைந்துவிட்டதா? இல்லை. வரும் நாய்களின் எண்ணிக்கைக்கும் ஏற்கும் வீடுகளின் எண்ணிக்கைக்கும் இடையில் இருந்த இடைவெளிதான் காரணம். கொட்டில் எவ்வளவு பெரியதாயினும் நிறைந்துவிடும். நிறைந்தபின் அடுத்த நாய்க்கு இடமளிக்க முந்தைய நாய் எங்கேனும் போயாக வேண்டும். வீட்டுக்குப் போக வழியில்லையெனில் மரணத்துக்குப் போகும். தற்காலிகம் என்னும் சொல்லின் பொருள் இவ்வாறு தலைகீழானது.

சென்னையில் இரண்டு நாய்க்குட்டிகள்

ஹாலோவேயில் நடந்தது ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் நம் தாய்த்தமிழகத்திலும் நடந்தது. விமானி கேப்டன் வி. சுந்தரம், 1959இல் மழைவெள்ளம் தேங்கிய சென்னைத் தெருவில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளைக் கண்டு வீட்டுக்கு எடுத்து வந்தார். அவர் துணைவியார் உஷா சுந்தரமும் விமானியே. அத்தம்பதியரின் இல்லத்தில் தொடங்கிய அப்பணிதான் 'புளூ கிராஸ்' என்னும் அமைப்பாக வளர்ந்து, 1964இல் பதிவுபெற்றது. இங்கும் முதலில் வீடு. அதன் பின்னரே நிறுவனம்.

சென்னை மாநகராட்சி அந்நாளில் தெருநாய்களைப் பிடித்து மின்சாரம் பாய்ச்சிக் கொன்று வந்தது. ஆண்டுதோறும் கொன்றும் தெருநாய்கள் குறையவில்லை. கொல்வதை விடுத்து, கருத்தடை அறுவையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்து, பிடித்த இடத்திலேயே விட்டுவிடுங்கள் என்று 1964 முதலே புளூ கிராஸ் வலியுறுத்தியது. மாநகராட்சி அதனை ஏற்க 1996 வரை, அதாவது 32 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 2001இல் இந்திய அரசு நாடு முழுமைக்கும் அம்முறையை விதியாக்கியது.

இதிலிருந்து அறிய வேண்டியது ஒன்றுண்டு. காப்பகத்தை மட்டும் கட்டிவிட்டால் சிக்கல் தீராது. பிறப்பைக் கட்டுப்படுத்துவது ஒரு பக்கம். பிறந்துவிட்ட உயிருக்கு வீடு தேடுவது மறுபக்கம். முதற்பக்கத்தில் சென்னை வழிகாட்டியது. மறுபக்கத்தில் நேர்ந்த ஒரு பெரிய திருப்பத்தைக் காண நாம் மீண்டும் அமெரிக்காவுக்குச் செல்ல வேண்டும்.

வர்ஜீனியாவின் 51 நாய்கள்

2007ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். வர்ஜீனியா மாநிலத்தின் சர்ரி மாவட்டத்தில், அமெரிக்கக் காற்பந்து வீரர் மைக்கேல் விக் என்பவருக்குச் சொந்தமான நிலத்தைக் காவல் துறையினர் சோதனையிட்டனர். நாய்ச்சண்டைச் சூதாட்டத்துக்காக வளர்க்கப்பட்ட 51 பிட்புல் நாய்கள் அங்குக் கைப்பற்றப்பட்டன. பல நாய்கள் மண்ணில் புதைத்த இரும்பு அச்சுகளில் கனத்த சங்கிலியால் கட்டப்பட்டிருந்தன. விக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவ்வாண்டு இறுதியில் அவருக்கு 23 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

நாய்களை என்ன செய்வது? சண்டைக்கு வளர்க்கப்பட்ட நாய்களை வழக்கு முடிந்ததும் கொன்றுவிடுவதே அதுவரை இருந்த நடைமுறை. விலங்கு நலத்துக்காகப் பாடுபடும் பெரிய அமைப்புகள் சிலவும் அவற்றைக் கொல்வதே தகும் என்றன. இவை திருந்தா என்பதே பொதுக்கருத்து. எனினும் நீதிமன்றம் அவசரப்படவில்லை. வல்லுநர் குழு ஒன்று ஒவ்வொரு நாயையும் தனித்தனியே ஆராய்ந்தது. ரெபெக்கா ஹஸ் என்னும் சட்டப் பேராசிரியரை நாய்களின் சிறப்புக் காப்பாளராக நீதிமன்றம் அமர்த்தியது. பராமரிப்புச் செலவாக விக் 9 இலட்சம் டாலருக்கும் மேற்பட்ட தொகையைச் செலுத்தும்படி ஆணையாயிற்று.

ஆய்வின் முடிவு எல்லாரையும் வியப்பில் ஆழ்த்தியது. வெறித்தனமாகப் பாயும் என்று எதிர்பார்க்கப்பட்ட நாய்களில் பல, மனிதரைக் கண்டதும் தரையோடு தரையாய் ஒட்டிப் படுத்துக்கொண்டன. அவற்றிடம் இருந்தது சினத்தைவிட அச்சமே மிகுதி. 47 நாய்கள் உயிர் பிழைத்தன. 22 நாய்கள் யூட்டா மாநிலத்தில் உள்ள ஒரு பெரிய சரணாலயத்துக்குச் சென்றன. ஏனையவை வெவ்வேறு மீட்பு அமைப்புகளின்வழி தன்னார்வலர்களின் வீடுகளுக்குச் சென்றன. படிக்கட்டு ஏறவும், கண்ணாடியில் தம் உருவைக் கண்டு அஞ்சாதிருக்கவும், தொலைக்காட்சி ஒலிக்குப் பழகவும் அந்நாய்கள் ஒரு வீட்டின் கூடத்தில்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. வீட்டையே அறியாத உயிருக்கு வீட்டைக் கொட்டிலில் வைத்துக் கற்பிக்க இயலாதன்றோ?

அவற்றுள் 'ஜானி ஜஸ்டிஸ்' என்று பெயர் பெற்ற ஒரு நாயைப் பற்றி ஆசிரியர்கள் அறிந்திருப்பது நன்று. கலிபோர்னியாவில் ஒரு குடும்பத்தில் வளர்ந்த அந்நாய், பின்னர்ப் பயிற்சி பெற்று, பிள்ளைகள் புத்தகம் வாசித்துக் காட்டும் நிகழ்ச்சிகளில் கேட்போனாக அமர்ந்தது. வாசிக்கத் தயங்கும் மாணவன் ஆசிரியர் முன் திணறுவான். சக மாணவர் முன் கூசுவான். நாயோ பிழை திருத்துவதில்லை, நகைப்பதுமில்லை. 1999இல் சால்ட் லேக் நகரில் இத்தகைய வாசிப்புத் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டு, இன்று பல நாடுகளில் பரவியுள்ளது. கொன்றுவிடுங்கள் என்று பரிந்துரைக்கப்பட்ட ஒரு நாயின் பக்கத்தில் அமர்ந்து குழந்தைகள் எழுத்துக் கூட்டிப் படித்தார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இந்நிகழ்வுக்குப் பின் அமெரிக்காவில் கருத்து மாறியது. சண்டை நாய்களை மொத்தமாகக் கொல்லும் கொள்கையைப் பெரிய அமைப்புகள் 2009இல் கைவிட்டு, ஒவ்வொரு நாயையும் தனித்தனியே மதிப்பிட வேண்டும் என்று ஏற்றன.

ஆய்வு சொல்வது

வீடு உதவுகிறது என்பது உணர்ச்சி வசப்பட்ட பேச்சு மட்டுமன்று. 2019இல் லீசா கன்டர் முதலான ஆய்வாளர்கள் அமெரிக்காவின் 5 காப்பகங்களில் இருந்த 207 நாய்களை ஆராய்ந்தனர். ஒவ்வொரு நாயும் ஓரிரு இரவுகள் மட்டும் ஒரு வீட்டில் தங்கியது. உடல் இறுக்கத்தைக் காட்டும் கார்ட்டிசால் என்னும் சுரப்பின் அளவு, வீட்டில் இருந்தபோது குறைந்தது. இடையறாத ஓய்வும் வீட்டில்தான் நீண்டது. காப்பகத்துக்குத் திரும்பியதும் சுரப்பின் அளவு பழைய நிலைக்கு ஏறியது. ஆனால் முன்பிருந்ததைவிட மேலே போகவில்லை. அதாவது, சில நாள் வீட்டில் வைத்துவிட்டுத் திருப்பி அனுப்பினால் நாய் மேலும் உடைந்துபோகும் என்ற அச்சத்தை அந்த ஆய்வு உறுதிப்படுத்தவில்லை. நாம் வார இறுதியில் ஓய்வெடுப்பது போல, அந்நாய்களும் ஓய்வெடுத்துத் திரும்பின.

நம் மண்ணில்

இனி நம் நாட்டுக்கு வருவோம். தோட்டப்புறங்களில் வளர்ந்தவர்களுக்கு நாய் அயலான உயிரன்று. விடியற்காலை இருட்டில் பால்மரம் வெட்டச் செல்வோருக்கு முன்னே ஓடி, பாம்பு கிடந்தால் குரைத்துக் காட்டியது அதுதான். லயத்து வாசலில் படுத்துக் கிடந்ததும் அதுதான். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் நகர்ப்புற அடுக்குமாடிகளுக்கும் மலிவு விலை வீடுகளுக்கும் குடிபெயர்ந்தபோது, நாயை உடன் கொண்டுசெல்ல இடமில்லை. காலி லயங்களில் காத்துக் கிடந்த நாய்களை நானே கண்டிருக்கிறேன். நம் சமூகத்தின் இடப்பெயர்வு வரலாற்றில் எவரும் எழுதாத ஒரு வரி அது.

2009ஆம் ஆண்டு நிகழ்ந்த பூலாவ் கெத்தாம் விவகாரம் பலருக்கும் நினைவிருக்கும். கிள்ளான் துறைமுகத்துக்கு அப்பால் உள்ள அம்மீனவர் தீவில் தெருநாய்கள் பெருகின. தொல்லை தாங்காத தீவுவாசிகள் நூற்றுக்கணக்கான நாய்களைப் பிடித்து, ஆளில்லாத கண்டல் காட்டுத் தீவுகளில் கொண்டுபோய் விட்டனர். உணவுமில்லை; குடிநீருமில்லை. பசியின் கொடுமையில் அவை ஒன்றையொன்று தின்றதாகச் செய்திகள் வந்தபோது நாடே அதிர்ந்தது. விலங்குநல அமைப்புகள் படகில் உணவும் நீரும் கொண்டுசென்று, இயன்றவற்றை மீட்டுக் கரை சேர்த்தன. கொல்ல மனமில்லாதவர்கள் கண்ணில் படாத இடத்தில் விட்டுவிட்டார்கள். கண்ணில் படாமை கருணையாகிவிடாது.

சட்டமும் மெல்ல நகர்ந்தது. 1953ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டப்படி வதைக்கான அபராதம் நெடுங்காலம் அதிகபட்சம் 200 வெள்ளியாகவே இருந்தது. 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் 2017 ஜூலையில் நடப்புக்கு வந்தபோது, அது 20,000 முதல் 100,000 வெள்ளி வரை என உயர்ந்தது. 3 ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம். அண்டை நாடான சிங்கப்பூரில், வீவக அடுக்குமாடி வீடுகளில் கலப்பின நாய்களுக்கு இடமில்லாதிருந்த நிலை 2012இல் தொடங்கிய ஒரு திட்டத்தால் தளர்ந்தது. காப்பகத்தில் வாடிய உள்நாட்டு நாய்கள் பல அதனால் குடும்பங்களை அடைந்தன.

பெற்றோர்களின் அச்சத்தையும் நான் மதிக்கிறேன். 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் வெறிநாய்க்கடி நோய் மீண்டும் தலைகாட்டியது. 2017இல் சரவாக்கில் பரவி உயிர்களைப் பறித்தது. முதலில் மாண்டவர்கள் சிறுவர்கள். ஆகவே தெருநாயைக் கண்டதும் தொடு என்று பிள்ளைக்கு எவரும் சொல்லக் கூடாது. கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். இதைப் பள்ளியில் கற்பிப்பது நம் கடமை. காப்பகத்தின்வழி வரும் நாய், மருத்துவர் பார்த்து, தடுப்பூசி போடப்பட்ட நாய் என்பதே இங்குள்ள வேறுபாடு.

எங்கள் வீட்டில் செவலை

நூல்களில் படித்ததைச் சொல்லிவிட்டேன். நேரில் கண்டதையும் சிறிது சொல்கிறேன். சில ஆண்டுகளுக்குமுன் பள்ளி விடுமுறையின்போது, ஒரு காப்பகத்திலிருந்து ஒரு பெண் நாயைத் தற்காலிகப் பராமரிப்புக்கு ஏற்றோம். கைவிடப்பட்ட ஒரு கட்டடத்தின் பின்புறம் குட்டைச் சங்கிலியில் கட்டப்பட்டுக் கிடந்த நாய் அது. கழுத்தில் சங்கிலி அறுத்த புண். காதுமடல் முழுதும் உண்ணி. நிறத்தைப் பார்த்து என் தாயார் செவலை என்று பெயரிட்டார்.

முதல் 3 நாள் செவலை துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் இருந்த இடுக்கைவிட்டு வெளியே வரவில்லை. நான் அருகில் சென்றால் சிறுநீர் கழித்துவிடும். பிள்ளைகள் அழைத்துப் பார்த்தார்கள். நானும் தின்பண்டம் காட்டினேன். என் தாயார்தான் தடுத்தார்.

"புது இடத்துக்கு வந்த மருமக மாதிரிதாம்பா இதுவும். சும்மா சும்மா கூப்பிடாத. சோத்த வச்சிட்டு உன் வேலையப் பாரு. அதுவா வரும்."

காப்பக ஊழியர் சொன்னதும் அதுவே. 3 நாள் அதிர்ச்சி, 3 வாரம் பழக்கம், 3 மாதம் நம்பிக்கை என்பது அவர்கள் கையாளும் பொதுக்கணக்கு. நேரந்தவறாமல் உணவு வைத்தோம். கண்ணுக்குக் கண் நோக்காமல், பக்கவாட்டில் திரும்பித் தரையில் அமர்ந்தோம். என் மகள் தினமும் மாலை இடுக்குக்கு எதிரே அமர்ந்து தமிழ்ப் பாடநூலை உரக்க வாசிப்பாள். 11ஆம் நாள், வாசித்துக்கொண்டிருந்தவளின் காலருகே செவலை வந்து படுத்தது. அவள் வாசிப்பை நிறுத்தவில்லை. என்னை நோக்கிக் கண்ணால் மட்டும் காட்டினாள்.

7 வாரங்களுக்குப் பின் ஓய்வுபெற்ற தம்பதியர் ஒருவர் செவலையை ஏற்றுக்கொண்டனர். பிரியும் நாளில் மகள் அழுதாள். நாமே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டாள். வைத்துக்கொண்டால் அந்த இடுக்கு அடுத்த நாய்க்குக் கிடைக்காது என்று விளக்கினேன். அவள் உடனே ஏற்கவில்லை. மறுவாரம் அவளாகவே வந்து, "காப்பகத்துல இப்ப யார் இருக்காங்கப்பா?" என்று கேட்டாள்.

செய்யக்கூடியவை

இப்பணியில் ஈடுபட விரும்பும் குடும்பங்கள் சிலவற்றை முன்கூட்டியே எண்ணிக்கொள்ள வேண்டும். வீட்டார் அனைவரின் ஒப்புதலும் வேண்டும். உங்கள் குடியிருப்பில் நாய்க்கு அனுமதி உண்டா, நகராண்மைக் கழக உரிமம் யார் பெயரில் உள்ளது என்பதைக் காப்பகத்தாரிடம் கேட்டறிய வேண்டும். மருத்துவச் செலவு யாருடையது, எத்தனை வாரம், ஒத்துவராவிடில் யாரை அழைப்பது என்பதையும் எழுத்தில் பெறுவது நன்று. அண்டை வீட்டார் நாயைத் தொடுவதைத் தவிர்க்கும் சமயத்தினராக இருக்கலாம். வேலியைச் செப்பனிட்டு, வெளியே செல்கையில் கயிற்றைக் கையில் பிடித்து, முன்னதாகவே அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நாகரிகம். உண்ணும் நாயையும் உறங்கும் நாயையும் தொடக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கு முதல் நாளே பழக்க வேண்டும். சிறு குழந்தையையும் புதிய நாயையும் தனியே விடவே கூடாது.

வீட்டில் வைக்க இயலாதோரும் உதவலாம். பழைய துண்டுகளும் செய்தித்தாள்களும் காப்பகங்களுக்கு எந்நாளும் தேவை. வார இறுதியில் ஒரு மணி நேரம் ஒரு நாயை நடக்க அழைத்துச் செல்வதும் உதவியே. வீட்டு நாய்க்குக் கருத்தடை செய்வது, நாளை ஒரு பெட்டி நிறையக் குட்டிகள் சந்தை ஓரத்தில் விடப்படுவதைத் தடுக்கும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாலடியாரின் அப்பாடலை அடுத்த முறை விளக்கும்போது, 1860இல் ஒரு மூதாட்டி தம் வீட்டின் பின்கட்டில் செய்ததையும், 1959இல் சென்னையில் ஒரு விமானி செய்ததையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். இருவரும் ஊர்ப் பணத்துக்கும் அரசாணைக்கும் காத்திருக்கவில்லை. முதலில் ஒரு நாய்க்கு வீட்டில் இடம் விட்டார்கள். டீல்பி அம்மையார் தம் இல்லத்தின் பெயரில் எழுதி வைத்த தற்காலிகம் என்னும் சொல்லுக்கு அன்று அதுதான் பொருளாக இருந்தது. அப்பொருளை மீட்டெடுக்க நம்மிடம் ஒரு மூலையும், ஒரு கிண்ணமும், சில வாரப் பொறுமையும் இருந்தால் போதும்.